சேலத்தில் தலைவர் படம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரஜினிகாந்த் படம் ஒன்றுக்குத் தேதி குறித்துவிட்டால் எங்கள் வீட்டு போன் ஓயாது. டிக்கெட் கிடைக்குமா என்று அக்கா பையன் கேட்பான். இந்த வயதில் அவருக்கு இதெல்லாம் தேவையா என்று கூட வேலை பார்ப்பவர்கள் கேட்பார்கள். ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவர்கள் கூட்டத்தைப் பார்த்து மிரண்டுபோய், குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்பார்கள். ஆளாளுக்குத் தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. நான் சேலத்தில் குகை என்ற பகுதிக்காரி. எங்களுடையது கொலுசுப் பட்டறைக் குடும்பம். அண்ணன் வருஷக்கணக்காக ரஜினி ரசிகர் மன்றத்தில் இருந்தவர். ரசிகர்களைப் பக்கத்திலிருந்து பார்த்து வளர்ந்தவள் என்ற முறையில் இந்தப் பதில்களைச் சொல்கிறேன்.

75 வயதான நடிகருக்கு இன்னும் ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்?

முதலில் வயதுக் கணக்கைப் பாருங்கள். அவர் பிறந்தது 1950 டிசம்பர் 12. முதல் படம் 1975இல், கே. பாலசந்தர் இயக்கத்தில். அதைப் பதினைந்து வயதில் பார்த்த பையனுக்கு இன்று அறுபத்தைந்துக்கு மேல். தியேட்டர் வாசலில் ஆடுகிறவர்கள் கல்லூரிப் பையன்கள் என்றால், ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தபடி நிற்பவர்கள் அவர்களுடைய அப்பாக்களும் தாத்தாக்களும்தான். டி.வி. கேமராவுக்கு அந்த ஓரம் தெரிவதில்லை. எனக்கு அந்த ஓரம்தான் முக்கியம்.

செவ்வாய்ப்பேட்டை, குகைப் பக்கம் கொலுசுப் பட்டறையில் செய்த வேலைக்குத்தான் கூலி. அம்மாபேட்டையில் தறி ஓட்டுகிறவர்களுக்கும் அப்படித்தான். ஒரு நாள் வரவில்லை என்றால் அன்றைக்குக் காசு கிடையாது. எங்கள் பட்டறையில் கொலுசு வளையங்களைப் பற்றவைக்கிற வேலை பார்த்தவர் ஒருவர் இருந்தார். குனிந்து குனிந்து கழுத்து வலி வந்தவர். கண்ணாடி போடாமல் வளையத்தின் வாய் தெரியாது அவருக்கு. தலைவர் படம் வருகிற வாரம் மட்டும் ராத்திரி வெகுநேரம் உட்கார்ந்து, அந்த ஒரு நாள் கூலியை முன்கூட்டியே சம்பாதித்து வைத்துவிடுவார். அப்பாவிடம் முன்பணம் கேட்டதில்லை, வீட்டுச் செலவில் கை வைத்ததில்லை. படம் வெளியாகும் காலையில் குளித்து, திருநீறு பூசி, இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்புவார். வாசலில் வெடி வெடிக்கும்போது காதைப் பொத்திக்கொள்வார். அவர் சத்தம் போட்டு நான் பார்த்ததே இல்லை. ரசிகர் என்றால் என் மனதில் முதலில் வருவது அவர்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. எம்.ஜி.ஆர். பிற்காலத்தில் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் இல்லாமல் பொது இடத்துக்கு வந்ததில்லை. அந்தத் தோற்றத்தை அவர் கடைசிவரை காப்பாற்றினார். ரஜினி வழுக்கைத் தலையும் வெள்ளைத் தாடியும் வேட்டியுமாக மேடைக்கு வருகிறார். திரையில் விக் வைத்துக்கொள்கிறார், மேடையில் கழற்றிவிடுகிறார். தனக்கும் வயதாகிவிட்டது என்று கூச்சமில்லாமல் காட்டும் ஒருவரைப் பார்க்கும்போது, கூடவே நரைத்த ரசிகனுக்கு ஒரு தெம்பு வருகிறது. அதை என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

சேலத்துக்காரர்களுக்குச் சினிமா மேல் இவ்வளவு பிடிப்பு எப்படி வந்தது?

இந்த ஊர் சினிமா பார்த்த ஊர் மட்டும் இல்லை, சினிமா எடுத்த ஊர். டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் ஏற்காடு ரோட்டில்தான் இருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கிருந்து வந்தன. 1938இல் மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' அவர்கள் எடுத்தது. 1940இல் பி.யு. சின்னப்பா இரட்டை வேடம் போட்ட 'உத்தமபுத்திரன்' அவர்களுடையது. 1956இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' அவர்களுடையது. அதில் நாயகன் எம்.ஜி.ஆர். அதற்கு முன்பு 1950இல், இதே எம்.ஜி.ஆர். நடித்த 'மந்திரி குமாரி'க்கு வசனம் எழுதியவர் மு. கருணாநிதி. பின்னாளில் முதலமைச்சரான இரண்டு பேர் எங்கள் ஊர் ஸ்டூடியோவில் சம்பளத்துக்கு வேலை பார்த்திருக்கிறார்கள். சுந்தரம் 1963இல் காலமானார். இன்று அங்கே மிச்சம் இருப்பது முகப்பு வளைவு ஒன்றுதான். ஏற்காடு போகிற பஸ்ஸில் உட்கார்ந்து இடது வலது என்று தேடினால் கண்ணில் படும். வெளியூர்க்காரர்கள் முக்கால்வாசிப் பேர் அதைக் கவனிக்காமலே மலை ஏறிவிடுகிறார்கள் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

ஸ்டூடியோ இருந்த காலத்தில் செட் போட்ட தச்சர், உடை தைத்தவர், கூட்டத்தில் நின்றவர் எல்லாரும் ஊருக்குள் இருந்தார்கள். நடிகர் என்பவர் இந்த ஊருக்கு எட்டாத ஆளாக இருந்ததே இல்லை.

அப்புறம் எங்கள் குகையின் வண்டி வேடிக்கை. ஆடித் திருவிழாவில் தெருவாசிகளே சாமி வேடம் போட்டு, ஜோடித்த வண்டியில் ஏறி ஊர்வலம் வருவார்கள். நேற்றுவரை பக்கத்து வீட்டு அண்ணனாக இருந்தவர் அன்றைக்குச் சிவபெருமான். விடிந்தால் மறுபடி அண்ணன். வேடத்தைக் கும்பிடவும் தெரியும், வேடம் கலைந்தபின் தோளில் கை போடவும் தெரியும். 'ஜெயிலர்' 2023 ஆகஸ்ட் 10, 'கூலி' 2025 ஆகஸ்ட் 14. இரண்டுமே ஆடி மாதத்தில் வந்தன. அந்த இரண்டு வருஷமும் அம்மன் பாட்டும் தலைவர் பாட்டும் அடுத்தடுத்த ஸ்பீக்கரில் கேட்டன. எங்களுக்கு அது ஒன்றோடொன்று முட்டவில்லை.

முதல் காட்சி எத்தனை மணிக்கு? முன்பெல்லாம் விடியற்காலையிலேயே போடுவார்களே?

தமிழ்நாட்டில் இப்போது காலை 9 மணிக்கு முன்னால் காட்சி கிடையாது. 2023 ஜனவரியில் சென்னையில் நள்ளிரவுக் காட்சிக் கொண்டாட்டத்தின்போது லாரி மேல் ஏறி ஆடிய இளைஞர் ஒருவர் கீழே குதித்து அடிபட்டு இறந்தார். அதற்குப் பிறகு அரசு விடியற்காலைக் காட்சிகளுக்கு அனுமதி கொடுப்பதை நிறுத்திவிட்டது. பெரிய படங்களுக்குச் சில நாட்கள் ஐந்து காட்சிகள் போட மட்டும் சிறப்பு அனுமதி கிடைக்கும். அப்போதும் தொடக்கம் 9 மணிதான்.

கர்நாடகத்திலும் கேரளத்திலும் ஆறு மணி வாக்கிலேயே போட்டுவிடுவதால், சேலத்துப் பையன்கள் கார் பிடித்து ஓசூர் தாண்டி அத்திப்பள்ளிக்கும் பெங்களூருக்கும் போய்விடுகிறார்கள். மூன்று மணி நேரம் முன்னால் பார்ப்பதற்காக இருநூறு கிலோமீட்டர். போவதைவிடத் திரும்பி வருவதை நினைத்துத்தான் எனக்குப் பயம். ராத்திரி முழுக்கத் தூங்காமல், படம் பார்த்த கிறக்கத்தோடு தர்மபுரி தாண்டி இறங்கினால் தொப்பூர் கணவாய். சேலம் நோக்கி வருகிறவர்களுக்கு அது முழுக்க இறக்கம். அங்கே நடக்கும் விபத்துகளை இந்த மாவட்டத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. போயே தீருவேன் என்றால் ரயிலில் போங்கள், இல்லாவிட்டால் தூங்கி எழுந்த டிரைவரை வைத்துக்கொள்ளுங்கள். என் அக்கா பையனுக்கு இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

டிக்கெட்டுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

2017இல் அரசு வைத்த உச்சவரம்புப்படி மல்டிபிளெக்ஸ் டிக்கெட்டின் அடிப்படை விலை 150 ரூபாய். அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் உள்ளாட்சிக் கேளிக்கை வரியும் சேரும். இணையத்தில் எடுத்தால் அதற்கான கட்டணம் தனி. சாதாரண ஏ.சி. தியேட்டரில் இதைவிடக் குறைவு. டிக்கெட்டில் அச்சிட்ட விலைதான் விலை.

ஆனால் முதல் நாள் ரசிகர் காட்சி என்ற பெயரில் இதைப் போலப் பல மடங்கு கேட்பார்கள். வாங்காதீர்கள். கூடுதலாகக் கொடுக்கும் காசில் ஒரு ரூபாய்கூடக் கணக்கில் ஏறாது. அவருடைய படம் ஓடியதற்கான சாட்சியாகவும் அது நிற்காது. தறிக்காரர் வீட்டுப் பையன் ஒரு வாரக் கூலியை ஒரு டிக்கெட்டுக்குக் கொடுத்துவிட்டு நிற்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. சனிக்கிழமை காலைக் காட்சிக்குப் போங்கள். அதே படம்தான், அதே தலைவர்தான், வசனமும் காதில் விழும்.

ஏற்காட்டிலிருந்து வருகிறோம். எந்தக் காட்சி நல்லது?

காலைக் காட்சி அல்லது மதியக் காட்சி. இரவுக் காட்சி முடிந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இருட்டில் ஏறுவது வேண்டாம். பனிமூட்டம், காட்டெருமை, மழைக்காலத்தில் சரியும் மண் எல்லாமே இரவில்தான் ஆபத்து. காபித் தோட்டத்து ஆட்கள் முன்பெல்லாம் கும்பலாக வேன் பேசிக்கொண்டு இறங்குவார்கள். படம், கடைவீதி, பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு தட்டுவடை செட், பொழுது சாய்வதற்குள் மேலே. அந்த முறைதான் இன்றைக்கும் சரி.

பெண்களும் குழந்தைகளும் முதல் நாள் போகலாமா?

பெண்கள் தாராளமாகப் போகலாம், நான் போகிறேன். ஆனால் வாசலில் கதவு திறக்கும் அந்தப் பத்து நிமிஷம்தான் மோசம். ஆட்டத்துக்கு யாரும் கெட்ட எண்ணத்தோடு வருவதில்லை. தள்ளுமுள்ளில் யார் எவர் என்று யாருக்கும் தெரிவதில்லை, அவ்வளவுதான். முதல் கூட்டம் உள்ளே போகட்டும், பின்னால் போங்கள். இருக்கை எண் உங்களுடையது, அது எங்கும் ஓடாது. உள்ளே நுழைந்ததும் வெளியேறும் கதவு எந்தப் பக்கம் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகள் வேண்டாம். 2024 டிசம்பரில் ஐதராபாத்தில் தெலுங்குப் படம் ஒன்றின் சிறப்புக் காட்சியில் நெரிசலில் சிக்கி ஒரு தாய் இறந்தார், அவருடைய பையன் படுகாயம் அடைந்தான். 2025 செப்டம்பரில் நம் பக்கத்துக் கரூரில் விஜய் வந்த அரசியல் கூட்டத்தில் 41 பேர் இறந்தார்கள். அதில் குழந்தைகளும் இருந்தார்கள். ஒருவரைப் பக்கத்தில் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையைத் தவிர அந்தக் குடும்பங்கள் வேறு எந்தத் தப்பும் செய்யவில்லை. கரூருக்குப் பிறகு இந்தக் கேள்விக்கு நான் இரண்டாவது பதில் வைத்துக்கொள்வதில்லை.

சான்றிதழையும் பாருங்கள். 'கூலி'க்கு 'ஏ' சான்றிதழ். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களை உள்ளே விடக் கூடாது. கைக்குழந்தையோடு வந்து வாசலில் கெஞ்சிக்கொண்டு நின்ற குடும்பங்களைப் பார்த்தேன். தியேட்டர்காரரோடு சண்டை போட்டுப் பயனில்லை, அவர் சட்டப்படிதான் நடக்கிறார்.

கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றுவது சரியா?

சரியில்லை. விடிகாலையில் கடை வாசலில் இறக்கி வைத்த பால் பாக்கெட்டுகள் படம் வெளியாகும் நாட்களில் காணாமல் போகின்றன என்று பால் முகவர்கள் போலீஸில் பாதுகாப்புக் கேட்கும் அளவுக்குப் போயிருக்கிறது. திருட்டுப் பாலில் அபிஷேகம் செய்தால் அது யாருக்கு மரியாதை? காசு கொடுத்து வாங்கிய பாலாகவே இருந்தாலும், இருபது அடி உயரத்தில் ஈரமான சாரத்தில் பையன்கள் வழுக்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்க முடியவில்லை. எங்கள் பகுதியில் சில பேர் அந்தப் பாலைக் காய்ச்சி வரிசையில் நிற்பவர்களுக்கு டம்ளரில் கொடுக்க ஆரம்பித்தார்கள். அதுதான் எனக்குப் பிடித்த அபிஷேகம்.

அந்தக் கட்-அவுட் செலவெல்லாம் யாருடையது?

பெரும்பாலும் ரசிகர்களுடையதுதான். தெருவுக்குத் தெரு வசூல் செய்து வைப்பார்கள். இன்று ஃப்ளெக்ஸ், ஒரே ராத்திரியில் அச்சாகி வந்துவிடும். அதில் தலைவர் முகத்தைவிடப் பணம் கொடுத்தவர்களுடைய முகங்கள் அதிகம்.

அண்ணன் காலத்தில் கையால் வரைந்த பேனர். ஓவியர் துணியில் கட்டம் கட்டிக் கோடு போடுவார். கையில் இருக்கும் போட்டோவிலும் அதே எண்ணிக்கையில் கட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு கட்டமாகப் பெரிதாக்கிக்கொண்டே போவார். கிட்டத்தில் நின்றால் வெறும் பழுப்பும் நீலமும் திட்டுத் திட்டாகத் தெரியும். தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்றால் அவர் சிரித்துக்கொண்டிருப்பார். கண்ணில் கடைசியாக வெள்ளைப் புள்ளி வைப்பதைப் பார்க்க மன்றத்துப் பையன்கள் சுற்றி நிற்பார்கள். அப்புறம் சவுக்குக் கட்டையில் சாரம் கட்டி ஏற்றுவார்கள். படப்பெட்டி வந்து இறங்கும் நேரத்துக்குத் தாரை தப்பட்டை, பூசணிக்காய், சூடம். அந்தப் பெட்டியும் இப்போது இல்லை. படம் டிஜிட்டலாக வருகிறது, அதைத் திறக்க ஒரு சாவிக் குறியீடு அனுப்புவார்கள். சில நாட்களில் காட்சி தாமதமானால் அந்தக் குறியீடு வந்து சேராததுதான் காரணம். புரொஜக்டர் ரூமைப் பார்த்துக் கத்துவதில் அர்த்தமில்லை.

ரோட்டோரம் மட்டும் வைக்காதீர்கள். 2019இல் சென்னைப் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து, வண்டியில் வந்த ஓர் இளம்பெண் இறந்துபோனார். தியேட்டர் வளாகத்துக்குள், அனுமதியோடு, அதுவும் கட்டடத்தோடு சேர்த்துக் கட்டியது போதும்.

இப்போது தெரியும் ஹைப் உண்மையானதா, விளம்பரமா?

இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகினால் பாதிக் குழப்பம் தீரும். போஸ்டர், டீசர், முதல் பாட்டு, இசை வெளியீடு, டிரெய்லர், அப்புறம் நாள் எண்ணிக்கை என்று மாதக்கணக்கில் அளந்து அளந்து விடுவது தயாரிப்பாளரின் வேலை. அது வியாபாரம், செய்யட்டும். 2016இல் 'கபாலி'க்கு விமானத்தில் அவர் படத்தை வரைந்தார்கள், சில கம்பெனிகள் அலுவலகத்துக்கே விடுமுறை விட்டன. அதையெல்லாம் ரசிகனா செய்தான்? 'சூப்பர் ஸ்டார்' பட்டமே 1978இல் 'பைரவி'யை வெளியிட்டபோது கலைப்புலி தாணு விளம்பரத்தில் போட்டதுதான். அதைத் தூக்கி நாற்பத்தேழு வருஷத்துக்கு மேல் சுமந்தது ஜனங்கள். விளம்பரத்தால் ஒரு பட்டத்தைக் கொடுக்க முடியும், இத்தனை காலம் நிலைநிறுத்த முடியாது. 

என்னைக் கவலைப்பட வைப்பது வேறு. ஹைப் பெருகப் பெருக, படத்துக்குள் போகும்போதே மனதில் வேறொரு படம் ஓடிக்கொண்டிருக்கிறது. நேரில் பார்ப்பது அதற்கு ஈடாகாவிட்டால் கோபம். அந்தக் கோபம் போய் விழுவது விளம்பரம் செய்தவர் மேல் இல்லை, எழுபதைத் தாண்டி வெயிலில் நின்று நடித்த மனுஷன் மேல்.

ஐந்நூறு கோடி, ஆயிரம் கோடி என்கிறார்களே, நம்பலாமா?

அந்தக் கணக்கு நமக்கு எதற்கு என்பேன். ஆனாலும் விவரம் சொல்கிறேன். வெளியே சொல்லும் தொகை பெரும்பாலும் மொத்த டிக்கெட் வசூல். அதில் முதலில் வரி போகும். மிச்சத்தில் தியேட்டர் பங்கு போகும். அதன் பிறகு நிற்பதுதான் விநியோகஸ்தர் கைக்கு வரும் ஷேர். சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி சேர்ந்தது சினிமா வியாபாரத்தில் 'சேலம் ஏரியா'. அந்த ஏரியாவை வாங்கியவர் போட்ட பணத்துக்கு மேல் ஷேர் வந்ததா என்பதே படம் ஜெயித்ததற்கு அடையாளம். மொத்த வசூல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், வாங்கிய விலை அதைவிடப் பெரிதாக இருந்தால் நஷ்டம்தான்.

2002இல் 'பாபா' சரியாகப் போகாதபோது நஷ்டப்பட்ட விநியோகஸ்தர்களுக்கு ரஜினி பணம் திருப்பிக் கொடுத்தார். அதுதான் வசூல் பற்றி நான் ஞாபகம் வைத்துக்கொள்ள விரும்பும் செய்தி. அதே படம் 2022 டிசம்பரில் மறுபடி வெளியானபோது என் அண்ணன் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார்.

மன்றத்தில் இன்று புதிதாகச் சேர முடியுமா?

பழைய அர்த்தத்தில் இல்லை. பதிவு எண் கொண்ட மன்றம் என்பது அண்ணன் தலைமுறைக்குச் சொத்து மாதிரி. போர்டில் அந்த எண்ணைப் பெரிதாக எழுதுவார்கள். இப்போது இருப்பது பழையவர்களுடைய வட்டமும், போனில் ஓடும் குழுக்களும். ரத்ததானத்துக்கோ அன்னதானத்துக்கோ போய் நின்றால் யாரும் அட்டை கேட்கப்போவதில்லை.

அரசியலுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனது ஏமாற்றம்தானே?

இந்தக் கேள்வியைக் கிண்டலாகக் கேட்பவர்கள் அதிகம். நான் நேராகவே பதில் சொல்கிறேன்.

2017 மே மாதமும் டிசம்பரிலும் சென்னை ராகவேந்திரா மண்டபத்துக்கு ரசிகர்களை மாவட்டவாரியாக அழைத்துப் படம் எடுத்துக்கொண்டார். டிசம்பர் 31 அன்று அரசியலுக்கு வருவது உறுதி என்றார். அதன் பிறகு மூன்று வருஷம் இங்கே பூத் வாரியாக ஆள் சேர்த்தார்கள். சொந்தக் காசு, சொந்த பெட்ரோல், சொந்த நேரம். பட்டறையை மச்சானிடம் விட்டுவிட்டு ஊர் ஊராக அலைந்தவர்களை எனக்குத் தெரியும். 2020 டிசம்பர் தொடக்கத்தில் ஜனவரியில் கட்சி என்று அறிவித்தார். கிறிஸ்துமஸ் அன்று ரத்த அழுத்தக் கோளாறால் ஐதராபாத்தில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். 29ஆம் தேதி, உடல்நிலையைச் சொல்லி, வரவில்லை என்று அறிக்கை விட்டார். 2021 ஜூலையில், அரசியலுக்காக வைத்திருந்த மக்கள் மன்றத்தைக் கலைத்து, பழையபடி ரசிகர் நற்பணி மன்றமாக இருக்கச் சொன்னார்.

ஏமாற்றம் இருந்தது. அண்ணன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அலைந்தவர்களுக்கு அவர் பட்ட கடன் உண்டு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அதே சமயம், சிறுநீரக மாற்று சிகிச்சை செய்துகொண்ட எழுபது வயதுக்காரர் கொரோனா காலத்தில் ஊர் ஊராகப் பிரசாரம் போயிருக்க வேண்டும் என்று யார் கேட்க முடியும்? போயிருந்து ஏதாவது ஆகியிருந்தால் முதலில் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதிருப்பவர்களும் இதே ஆட்கள்தான். மூன்று நான்கு மாதத்தில் எல்லாரும் தொழிலுக்குத் திரும்பினார்கள். சிலர் வேறு கட்சிகளுக்குப் போனார்கள். அடுத்த படம் வந்தபோது வரிசையில் எல்லாக் கட்சிக்காரர்களும் நின்றார்கள்.

வயதானவர் பத்துப் பேரை அடிப்பதை இன்னும் ரசிகர்கள்தான் கேட்கிறார்களா?

கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் கேட்பதில்லை. கேட்காதீர்கள் என்று கெஞ்சவும் செய்வேன்.

பட்டறைக்காரர்கள் அவருடைய பிற்காலப் படங்களைப் பற்றிப் பேசும்போது எதைச் சொல்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேளுங்கள். நாற்காலியில் எப்படிச் சாய்ந்தார், கண்ணாடியை எப்படிக் கழற்றினார், பேரனைப் பார்த்து எப்படிச் சிரித்தார் என்பதைத்தான். எதிரிகள் காற்றில் பறந்ததை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. அதற்கு டூப்பும் கம்ப்யூட்டரும் போதும். அந்த நடைக்கு அவர் வேண்டும். 'கபாலி'யிலும் 'காலா'விலும் நரைத்த தாடியோடு வந்தார், 'ஜெயிலர்' படத்தில் ஓய்வு பெற்ற தாத்தாவாக வந்தார். வயதுக்கேற்ற அந்த வேடங்களை சேலம் தள்ளிவிடவில்லை. எழுபத்தைந்து வயதுக்காரரை முப்பது வயதுக்காரராகக் காட்டச் சொல்வது அவரை நேசிப்பது ஆகாது. நம்முடைய இளமையைத் திருப்பிக் கொடு என்று அவரிடம் அடம் பிடிப்பதுதான் அது.

படம் பிடிக்கவில்லை என்றால் வெளியே சொல்லலாமா? ரசிகர்கள் சண்டைக்கு வருவார்களே?

சொல்லுங்கள். பழைய ரசிகர்கள் உங்களைவிடக் கடுமையாகப் பேசுவார்கள், டீக்கடையில் உட்கார்ந்து கேட்டால் தெரியும். முதல் காட்சி ஓடும்போதே திரையைப் போனில் படம் எடுத்துப் போடுவதுதான் குற்றம். அதை மட்டும் யார் செய்தாலும் தடுப்போம்.

அஜித், விஜய் ரசிகர்களோடு தகராறு வருமா?

நேரில் வருவதில்லை. போனில்தான் எல்லாம். ஒரே வீட்டில் அப்பா ரஜினி, பிள்ளை விஜய், மருமகன் அஜித் என்று இருக்கிற ஊர் இது.

அவருக்கு உடம்பு சரியில்லை என்று வாட்ஸ்அப்பில் வந்தால் என்ன செய்வது?

மருத்துவமனை அறிக்கையோ குடும்பத்தாரின் வார்த்தையோ வரும்வரை யாருக்கும் அனுப்பாதீர்கள். 2024 செப்டம்பர் கடைசியில் ரத்தக் குழாய் சிகிச்சைக்காகச் சென்னையில் அவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று இரவு வந்த வதந்திகளில் பாதி வாய்விட்டுச் சொல்ல முடியாதவை. கோட்டை மாரியம்மன் கோயிலில் வேண்டிக்கொள்ளுங்கள். தீக்குளிப்பேன், விஷம் குடிப்பேன் என்று யாராவது பேசினால் அதைப் பக்தி என்று கைதட்டாமல், அவரைத் தனியாக விடாமல், வீட்டாரைக் கூப்பிடுங்கள். எம்.ஜி.ஆர். நோயுற்றபோதும் 1987இல் இறந்தபோதும் தமிழ்நாட்டில் எத்தனை குடும்பம் அப்படி ஆளை இழந்தது என்று பெரியவர்களைக் கேளுங்கள்.

டிசம்பர் 12க்கு உருப்படியாக என்ன செய்யலாம்?

ரத்தம் கொடுங்கள். ஆனால் எல்லாரும் அன்றைக்கே கொடுக்க வேண்டாம். சேமித்த ரத்தம் ஐந்து ஆறு வாரம்தான் தாங்கும். ஒரே நாளில் கூட்டமாகக் கொடுத்துவிட்டு மீதி வருஷம் யாரும் எட்டிப் பார்க்காவிட்டால் நம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனைக்கு அது அவ்வளவாக உதவாது. 18 முதல் 65 வயது வரை, குறைந்தது 45 கிலோ எடை இருப்பவர்கள் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறை. அதனால் தெருவை மூன்று கூட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு கூட்டம் டிசம்பரில், அடுத்தது ஜனவரியில், மூன்றாவது பிப்ரவரியில். மார்ச்சில் முதல் கூட்டத்து ஆண்கள் திரும்ப வரலாம், பெண்கள் ஏப்ரலில். 65 தாண்டிய பெரியவர்கள் ரத்தம் கொடுக்க முடியாது. யாருக்கு எந்த மாதம் என்று நோட்டு எழுதி, போன் போட்டு வரவழைக்கும் பொறுப்பை அவர்களிடம் விட்டுவிடுங்கள். எங்கள் தெருவில் அந்த நோட்டு அண்ணனிடம் இருக்கிறது.